தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் பாடிய ஐம்பதின்மர்

சிவபெருமானை வழிபடும் நெறிகளுள் இசையொடு கூடிய தமிழ்ப் பாட்டால் ஏத்துதல் தனிச் சிறப்புடையதென்பது, நம் சமயகுரவர் தம் வாக்காலும் வாழ்க்கையாலும் காட்டியருளிய உண்மையாம். அவ்வுண்மை வேரூன்றித் தழைத்த நிலம் காவிரிநாடு. மூவர் பாடல் பெற்ற திருப்பதிகளுள் ஏறக்குறைய 190 பதிகள் சோழநாட்டில் உள்ளனவென்பது அன்பர்கள் அறிந்ததே.

தஞ்சைப் பெருங்கோயிலைக் காணப் புகுவோர், வானளாவிய விமானத்தையும் அதனைத் தாங்கும் கற்பணியின் திறத்தையும் வியந்து மீள்வர். அவ்வியப்பு தக்கதே. ஆயின், அக்கோயிலின் கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ள ஓர் ஏற்பாடு அவ்விமானத்திற்குச் சிறிதும் தாழாத பெருமையுடையது. அது, திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வதற்கென ஐம்பதின்மர் கொண்டதொரு பாடற்குழாத்தை முதலாம் இராசராச சோழன் நிறுவிய செய்தியாம். அக்குழாம் தோன்றிய வரலாறும், அதன் வழக்கம் பரவிய முறையும், பின்னர் ஒடுங்கிய காரணமும் ஈண்டு ஆராயப்படும்.

மூவர் காலத்து மரபு

கோயிலிற் குழுவாக நின்று பாடுதல் இராசராசன் புதிதாகப் புகுத்திய வழக்கன்று. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் விளங்கிய திருஞானசம்பந்தர் தலந்தோறும் எழுந்தருளியபோது, திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர்தம் மனைவியார் மதங்கசூளாமணியாரும் உடன் சென்றனர். பிள்ளையார் பாட, பாணர் யாழில் இட்டு வாசிக்க, அம்மையார் மிடற்றால் இசைக்க, அடியார் திருக்கூட்டம் சூழ்ந்து நின்று கேட்டது. காரைக்காலுக்கு அணித்தாகிய திருத்தருமபுரத்தில் யாழிற்கு அடங்காத இசையாகப் பிள்ளையார் பாடியருளிய யாழ்மூரி வரலாற்றையும் அன்பர்கள் அறிவர். அவ்வரலாறு, யாழின் நரம்பினும் மனிதரது மிடற்றிற்கே இசையைத் தாங்கும் ஆற்றல் மிகுதியென்பதைக் காட்டி நிற்கின்றது.

மூவர் காலத்திற்குப் பின் அவர் பாடல்களைக் கோயிலிற் பாடுவோர்க்கு நிலையான வாழ்வு அமைக்கும் முயற்சி தோன்றிற்று. வேலூர்க்கு அணித்தாகிய திருவல்லத்தில், கி.பி. 9-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஆண்ட நந்திவர்ம பல்லவனது 17-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று உள்ளது. கோயிற் பணியாளர்க்கு நெல் வகுக்குமிடத்து அது திருப்பதியம் பாடுவாரையும் ஒரு பிரிவினராகக் குறிக்கின்றது. இவ்வழக்கைப் பற்றி இதுகாறும் அறியப்பட்ட கல்வெட்டுக்களுள் மிகப் பழையது இதுவே என்பர் ஆராய்ச்சியாளர். ஆகவே, தஞ்சைக் கோயில் எழுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே, பாடுவார்க்கு நெல் அளக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றியிருந்தமை தெளிவு.

அக்காலத்துக் கல்வெட்டுக்கள் இப்பாடல்களைத் திருப்பதியம் என்றே வழங்குதலும் ஈண்டு அறியத்தக்கது. மூவர் பாடல்களுக்குத் தேவாரம் என்னும் பெயர் பெருவழக்காயது பிற்காலத்தேயாம்.

இராசராசன் வகுத்த நிவந்தம்

இராசராசன் கி.பி. 985 முதல் 1014 வரை ஆண்டான். தன் 25-ஆம் ஆட்சியாண்டாகிய கி.பி. 1010-இல் இராசராசேச்சரத்து விமானத்திற்குச் செப்புக்குடம் அளித்தான். அவனது 29-ஆம் ஆட்சியாண்டு வரை அளிக்கப்பட்டவற்றைக் கூறும் கல்வெட்டொன்றிலேயே நாம் ஆராயும் ஏற்பாடு காணப்படுகின்றது. திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யப் பிடாரர் 48 பேர். அவர்களோடு நிலையாக உடுக்கை வாசிப்பான் ஒருவன். நிலையாகக் கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவன். ஆக 50 பேர்க்கு நாடோறும் பேரால் முக்குறுணி நெல் கோயிற் பண்டாரத்திலிருந்து அளக்கப்பட வேண்டுமென்பது அதன் கருத்து.

அந்நெல்லை அளந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான். அம்பலத்தே ஆடும் பெருமான் திருப்பெயரே அது. அவன் புகழைப் பாடுவார்க்கு அவன் பெயர் பூண்ட மரக்காலாலேயே உணவு அளக்கப்பட்டமை நினைதொறும் உள்ளத்தை உருக்குவதாம்.

இவ்வூதியத்தின் அளவையும் சிறிது கணக்கிட்டு நோக்குவோம். 12 குறுணி ஒரு கலம். 50 பேர்க்கு ஒருநாளைக்கு 150 குறுணி, அஃதாவது பன்னிரண்டரைக் கலம். 360 நாள் கொண்டு பெருக்கின் ஆண்டொன்றுக்கு 4,500 கலம். ஒருவர்க்கு ஆண்டொன்றுக்கு 90 கலம். அதே கோயிலில் ஆடல் பாடற் பணிபுரிந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர்க்கும் தலைக்கு ஒரு பங்காக, 100 கலம் நெல் விளையும் ஒரு வேலி நிலம் வகுக்கப்பட்டது. ஆகவே பதியம் பாடினோரது ஊதியம் அதற்கு மிகத் தாழ்ந்ததன்று. முக்குறுணி நெல் என்பது 24 நாழி. நெல் ஐந்துக்கு அரிசி இரண்டு என்னும் அக்காலக் கணக்கின்படி அதனின்று ஒன்பதரை நாழிக்குச் சிறிது மிகுதியான அரிசி கிடைக்கும். குடும்பத்தின் உணவு போக, உடை முதலிய பிற தேவைகளுக்கும் அந்நெல் உதவியிருக்கும். பாடுவான் வேறு தொழில் நாடாது பாட்டிலேயே நிற்றற்குப் போதியதாக அரசன் இதனை வகுத்தனன் எனல் பொருந்தும். நாடோறும் பன்னிரண்டரைக் கலம் நெல்லைக் கோயிற் பண்டாரம் இடையறாது அளந்ததெனின், அப்பாட்டிற்குப் பின்னே காவிரி பாயும் வயல்களும் அவற்றில் உழைத்த கைகளும் நின்றன என்பதை நாம் மறத்தல் ஆகாது.

பாடினோர் பெயர்களையும் அக்கல்வெட்டு ஒவ்வொன்றாக எடுத்தோதுகின்றது. நம்பி ஆரூரன், சீராளன் என்றாற்போல நாயன்மார் வரலாற்றை நினைவூட்டும் பெயர்கள் அவற்றுள் உள்ளன. ஈசானசிவன், அகோரசிவன், வாமசிவன், சதாசிவன், ஞானசிவன் எனச் சிவன் என்னும் ஈறுபெற்ற தீக்கைத் திருப்பெயர்களும் பலவாக உள்ளன. இவற்றால், அப்பணி குரல்வளம் ஒன்றே கருதி அளிக்கப்பட்டதன்று என்பதும், சிவதீக்கை பெற்று ஒழுக்கத்தில் நின்றோரே அதற்கு உரியராயினர் என்பதும் உய்த்துணரப்படும்.

அக்கோயிலில் ஸ்ரீகாரியம் பார்த்த பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்த வேளான் என்பவன், நம்பி ஆரூரர், நங்கை பரவையார், திருநாவுக்கரையர், திருஞானசம்பந்தர் ஆகியோரது செப்புத் திருமேனிகளை எழுந்தருளுவித்தான். பாடல் அருளியோர் திருமேனியும் அப்பாடலை ஓதுவோர் குரலும் ஒரே கோயிலில் ஒருங்கு நிலைபெற்றன. இராசராசேச்சரம் மூவர்க்குப் பிற்பட்டதாதலின் அதற்கு மூவர் பதிகம் இல்லை. கருவூர்த்தேவரது திருவிசைப்பாவே உண்டு. அவ்வாறிருந்தும் மூவர் பாடல்களை நாடோறும் அங்கே ஓதச் செய்த அரசன், அவற்றை ஒரு தலத்திற்கே உரிய பாட்டாகக் கருதாது, சிவாலயம் எதற்கும் உரிய வழிபாடாகவே கொண்டனன்.

கல்வெட்டின் உயிர்நிலை

நெல்லளவும் ஆளெண்ணிக்கையும் பலராலும் எடுத்துக் கூறப்படுவன. அக்கல்வெட்டின் உயிர்நிலை வேறொன்று. ஐம்பதின்மருள் ஒருவர் இறந்தாலும் ஊரை விட்டு அகன்றாலும் அவரிடத்தை நிரப்பும் முறையை அது மூன்று படியாக விதிக்கின்றது.

முதலாவது, அவர்க்கு அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்றுத் திருப்பதியம் பாடுக என்பது. இரண்டாவது, அவ்வுறவினர் தாம் அதற்குத் தகுதியுடையரல்லராயின், தகுதியுடைய வேறொருவரைக் கொண்டு பாடுவித்து, அவரே நெல்லைப் பெறச் செய்க என்பது. மூன்றாவது, அடுத்த உறவினர் ஒருவரும் இல்லையாயின், எஞ்சிய அக்குழாத்தினரே தகுதியுடைய ஒருவரைத் தேர்ந்து அமர்த்துக என்பது.

இவ்விதியை ஊன்றி நோக்குக. பிறப்புரிமையை அரசன் புறக்கணித்திலன். பாட்டு தந்தையிடமிருந்து மைந்தற்கு இளமைதொட்டே பதியும் கலையாதலின் உறவினர்க்கு முதலிடம் தந்தனன். ஆயின் அவ்வுரிமை தகுதிக்கு அடங்கியதாயிற்று. பாடாதான் நெல் பெறுதல் இயலாது. நெல் பாட்டைத் தொடர்ந்து செல்லுமேயன்றிக் குடியைத் தொடர்ந்து செல்லாது. உறவினர் இல்லாதவிடத்துத் தேரும் உரிமையும் அரசியல் அதிகாரிகளிடம் விடப்படவில்லை. பாடத் தெரிந்தோரிடமே விடப்பட்டது. பாட்டின் தகுதியை அளத்தற்குரியார் பாடுவாரே என்னும் உண்மை அங்கே சட்டமாயிற்று.

48 பேர் ஒருங்கு நின்று பாடுதலில் வேறொரு பயனும் உண்டு. தனியே பாடுவான் ஒருவன் சொல்லிலோ பண்ணிலோ வழுவினால் அவ்வழு அவனோடு நின்று, அவன் மாணாக்கர்க்கும் சென்று, காலப்போக்கில் மரபெனவே கொள்ளப்படும். குழாத்தில் நிற்பான் வழுவினால் 47 குரல்கள் அவனை உடனே திருத்தும். ஆதலின் திருக்கூட்டம் என்பது ஒலியின் பெருக்கத்திற்கு மட்டும் உரியதன்று. அது பாடலின் காவலுமாம்.

ஏடும் நாவும்

ஈண்டு ஒரு வினா எழும். உமாபதிசிவம் அருளியதெனக் கொள்ளப்படும் திருமுறைகண்ட புராணம், தில்லையில் ஓர் அறையிற் பூட்டப்பட்டுச் செல்லரித்துக் கிடந்த ஏடுகளை அபயகுலசேகரன் என்னும் அரசனும் நம்பியாண்டார் நம்பிகளும் வெளிப்படுத்திய வரலாற்றைக் கூறுகின்றது. அவ்வரசன் முதலாம் இராசராசனே என்பாரும், அவனுக்கு முற்பட்ட முதலாம் ஆதித்தன் என்பாரும் உளர். பாடல்கள் மறைந்து கிடந்தன எனின், அதற்கு முன்னரே அவற்றைக் கோயில்களிற் பாடினரெனக் கல்வெட்டுக் கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

இவை இரண்டும் முரணுவன அல்ல. தில்லையில் இருந்தது ஏட்டின் முழுத்தொகுதி. கோயில்களில் வழங்கியது ஓதுவோர் நாவில் நின்ற பகுதி. நாவில் நின்றமையாலேயே அவற்றின் சுவையை அரசன் அறிந்தான். அறிந்தமையாலேயே எஞ்சியவற்றைத் தேடினான் என்று கொள்ளுதல் இயல்பாம்.

அப்புராணம் கூறும் வேறொரு செய்தி இதனினும் சிறந்தது. ஏடுகள் கிடைத்த பின்னும் அவற்றின் பண்முறை தெரியாது மயங்கினர் என்றும், திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஓர் அம்மையாரைக் கொண்டே பண்களை வகுத்தனர் என்றும் அது உரைக்கின்றது. சொல்லை ஏடு காத்தது; பண்ணைப் பெண் ஒருத்தியின் மிடறு காத்தது. இசைக்கு இருப்பிடம் ஓலையன்று, கற்றோர் வழிவழி வரும் நாவே என்பது அவ்வரலாற்றின் உட்கிடை.

இதற்கு மறுதலையான சான்றும் காவிரிநாட்டிலேயே உண்டு. திருவாரூர் மாவட்டத்துத் திருவிடைவாயில், ஏடுகளிற் காணப்படாத திருஞானசம்பந்தர் பதிகம் ஒன்று இருபதாம் நூற்றாண்டின் முதற் கால்பகுதியில் கோயிற் கல்வெட்டிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. பாட்டின் சொற்களைக் கல் காத்தளித்தமைக்கு நாம் மகிழ்கின்றோம். ஆயின், அப்பதிகத்தைப் பழையோர் எவ்வாறு பாடினர் என்பதைக் கல்லாற் கூற இயலுமோ?

வழக்கம் பரவிய வரலாறு

இராசராசனுக்குப் பின் திருப்பதிய நிவந்தங்கள் சோழநாட்டிலும் அதன் புறத்தும் பெருகின. விழுப்புரத்திற்கு அணித்தாகிய திருவாமாத்தூரில் உள்ள சோழர்காலக் கல்வெட்டொன்று கண்ணில்லார் 16 பேர் திருப்பதியம் பாடவும், அவர்களுக்கு வழிகாட்டக் கண்ணுடையார் இருவர் உடனிருக்கவும் நிவந்தம் விடப்பட்டமையைக் கூறுகின்றது. ஏடு காணமாட்டாதார்க்கும் இப்பாடல் நெஞ்சிற் பதிந்து நின்றமையும், அவர்தம் வாழ்விற்கு அதுவே ஊன்றுகோலாயினமையும் இதனாற் புலனாகின்றன. தகுதியென்பது கண்ணினாலோ செல்வத்தினாலோ அளக்கப்படவில்லை.

கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரம் ஐராவதேச்சரத்தில் நாயன்மார் வரலாறுகள் சிறு சிறு சிற்பங்களாக அமைந்துள்ளன. அக்கோயிலின் வடபுறத் திருச்சுற்றில் சைவாசாரியார் 108 பேர் உருவங்கள், அவரவர் பெயர்ப் பொறிப்புடன் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. இவர்கள் தேவாரம் ஓதியோர் எனக் கருதப்படுகின்றனர். தஞ்சையில் ஓதுவோர் பெயரே கல்லில் ஏறிற்று. தாராசுரத்தில் அவர்தம் உருவமும் உடன் ஏறிற்று. அரசர் உருவத்தையும் எளிதிற் பொறியாத அக்காலத்தில், இத்தொண்டர்க்கு அளிக்கப்பட்ட மதிப்பு இத்தகையது.

ஒடுக்கமும் காவலும்

கி.பி. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சோழராட்சி ஒழிந்தது. பின்னர் வந்த அரசியல் மாறுதல்களால் பழைய நிவந்தங்கள் பல நிலைகுலைந்தன. தஞ்சையில் நாயக்கரும், 1676 முதல் 1855 வரை மராட்டியரும் ஆண்டனர். அவர்கள் இசைக்கலையைப் பெரிதும் போற்றினர். திருவாரூரிற் பிறந்த சங்கீத மும்மூர்த்திகளால் இந்நாட்டு இசை புதிய சிறப்பெய்தியது. ஆயின் திருப்பதியம் பாடுவார்க்குப் பழைய நெல்லும் பழைய குழாமும் மீளவில்லை. ஐம்பதின்மர் நின்ற மரபு தேய்ந்து, கோயில்தோறும் ஓதுவார் ஒருவர் தனித்து நிற்கும் நிலையாயிற்று.

அந்நிலையிலும் அது முற்றும் அழியாமைக்குக் காரணம் சோழநாட்டு ஆதீனங்கள். தருமபுரம், திருவாவடுதுறை முதலிய திருமடங்கள் மாணாக்கர்க்கு உணவும் உறையுளும் அளித்துத் தேவாரப் பயிற்சி தந்தன. உண்மையில் இது இராசராசன் விதியின் மறுவடிவமேயாம். கற்போர்க்கு நெல்; கற்றோரால் தகுதி ஆராய்தல்; இவ்விரண்டும் திருமடங்களில் எஞ்சின. அம்மரபில் வந்த தருமபுரம் ப. சுவாமிநாதன் அவர்கள் (1923–2009) திருமுறைப் பாடல்களைப் பண்ணோடு பாடி ஒலிப்பதிவாக்கித் தந்த தொண்டினை இன்று உலகெங்குமுள்ள சைவர் நுகர்கின்றனர்.

இருபதாம் நூற்றாண்டில் ஆராய்ச்சியாளரும் இதற்குத் துணைநின்றனர். தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். விபுலானந்த அடிகளது யாழ்நூல் 1947-இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாகத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. 1943-இல் சென்னையில் நிறுவப்பட்ட தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தலாயிற்று. தேவாரப் பண்களை இக்கால இராகங்களோடு பொருத்துதலில் அறிஞரும் ஓதுவாரும் பெரிதும் ஒத்தனர். தக்கேசியைக் காம்போதியாகவும், கௌசிகத்தைப் பைரவியாகவும், மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியாகவும் பாடுதலில் வேறுபாடில்லை. பழந்தக்கராகத்தையோ ஆரபியென்பாரும் சுத்தசாவேரியென்பாரும் உளர். இத்தகைய வேறுபாடுகள் எழுந்தமைக்குக் குழாம் கலைந்து தனிக்குரல்கள் நின்றமையே பெருங்காரணம் எனல் மிகையாகாது.

இற்றை நாளிற் செய்யத்தக்கது

2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் தஞ்சைப் பெருங்கோயிலின் குடமுழுக்கு, நீதிமன்றத்தின் ஆணைப்படி தமிழிலும் வடமொழியிலும் நடந்தேறியது. திருமுறை பலர் நாவினின்றும் அக்கோயிலில் ஒலித்ததைக் கேட்டு மகிழ்ந்தோர் பல்லாயிரவர். 2021-இல் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு அமர்த்தப்பட்ட ஓதுவாருள் பெண்டிரும் இடம்பெற்றனர். யாழ்ப்பாணர் மரபின் அம்மையார் இல்லையேல் பண்ணே இல்லையெனக் கூறும் சமயத்திற்கு இது புதுமையுமன்று, முறையுமாம்.

எனினும் விழாநாள் முழக்கம் வேறு. நாடோறும் நிகழும் வழிபாடு வேறு. இராசராசன் வகுத்தது நிசதப்படி. இன்று பல கோயில்களில் ஓதுவார் ஒருவரே உளர். சிலவற்றில் அவரும் இலர். ஒருவர் நோயுற்றால் பதியமும் அன்று ஓய்கின்றது. அறநிலையத்துறையின் பயிற்சிப் பள்ளிகளும் ஆதீனத்துப் பாடசாலைகளும் மாணாக்கரை ஆயத்தஞ் செய்யினும், பயின்று வெளிவருவோர்க்கு மனையறம் தாங்கும் ஊதியம் இல்லையாயின், அவர் வேறு தொழில் நாடுதலைக் குறைகூறுதல் தகாது. முக்குறுணி நெல்லை அளவாதே பாட்டை வேண்டுதல் அரசன் நெறியன்று.

ஆகவே, சைவ அன்பர்கள் செய்யத்தக்கன மூன்று. ஊர்க் கோயிலில் ஓதுவார் பணி வறிதே கிடவாது காத்தல் ஒன்று. ஓதுவாரது வாழ்வுக்கு விழாக்கால அன்பளிப்பன்றி நிலையான வைப்புநிதி அமைத்தல் மற்றொன்று. திங்களில் ஒருநாளேனும் அண்மைத் திருப்பதிகளின் ஓதுவாரையும் மாணாக்கரையும் ஒருங்கு கூட்டி, ஒரே பதிகத்தை ஒரே பண்ணில் ஒருமித்துப் பாடச் செய்தல் பிறிதொன்று. கூடிப் பாடும்போதே வழுக்கள் திருந்தும். இளையோர் முதியோரிடம் கற்பர். தகுதியுடையாரைத் தேர்தற்குரிய கண்ணும் தானே பிறக்கும்.

இராசராசன் எடுத்த விமானத்தைக் கருங்கல் தாங்கி நிற்கின்றது. அதனை யாம் காவாதொழியினும் அது பன்னூறாண்டு நிற்கும். அவன் எடுத்த மற்றொரு கோயிலோ மனிதர் மிடற்றாற் கட்டப்பட்டது. ஒரு தலைமுறை வாய் மூடினால் அது இடிந்துவிடும். அதனைக் காக்கும் வழியையும் அவனே கல்லில் எழுதி வைத்தான். பாடுவார்க்கு உணவளிக்க, தகுதியை நோக்குக, ஒருவர் போயின் அவ்விடத்தை வறிதாக விடற்க. இம்மூன்று ஏவலும் ஆயிரம் ஆண்டு கடந்தும் நம்மை நோக்கியே நிற்கின்றன. கூத்தப்பெருமான் திருவருள் துணைநிற்க, அவற்றை நிறைவேற்றி உய்வோமாக.

திருச்சிற்றம்பலம்.